நாங்கள் போய் நின்ற துறைமுகம்

லாயாங் லாயாங்
திங்கட்கிழமை காலை

அன்பு மகன் ஜீவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். உடம்பளவில் நானும் அம்மாவும் இங்கே சௌக்கியம், கடல் மேல் இருக்கிற நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று முனீஸ்வரருக்கு விளக்கு வைத்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன். போன் இருக்கும்போது இந்த மனுஷன் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நீ நினைப்பாய். நம் வீட்டில் போன் ஒன்றுதான், நீ கூப்பிட்டால் உன் அம்மா சத்தத்தைக் கூட்டி வைத்து நடுவீட்டில் உட்கார்ந்துகொள்வாள், எழுத்தில் ஏதாவது வந்தால் யாரையாவது பிடித்துப் படிக்கச் சொல்லிவிடுவாள். அவளுக்குத் தெரியாமல் உன்னிடம் ஒன்று சொல்ல எனக்கு வேறு வழி கிடைக்கவில்லை. அதனால் மார்க்கெட்டுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு ஸ்டேஷன் பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார்ந்திருக்கிறேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து உனக்கு அனுப்பிவிட்டுப் போனிலிருந்து அழித்துவிடுவேன், அழிப்பதற்குப் பக்கத்து வீட்டு செல்வா சொல்லிக் கொடுத்திருக்கிறான்.

சனிக்கிழமை அப்பாவும் அம்மாவும் ஏன் வரவில்லை என்று மூன்று நாளாக உனக்கு மனது அடித்துக்கொண்டிருக்கும். நாங்கள் வந்தோம் தம்பி. வந்து வேறு துறைமுகத்தில் நின்றோம். சுற்றி வளைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன், தப்பு முழுக்க என்னுடையது.

உன் கப்பல் சிங்கப்பூரில் ஒரே ஒரு நாள் நிற்கிறது, பன்னிரண்டிலிருந்து மூன்று மணி வரை வெளியே வரலாம் என்று நீ சொன்ன அன்றிலிருந்து ஒன்பது நாளும் இந்த வீட்டில் வேறு பேச்சே கிடையாது. பதினான்கு மாதமாகப் பார்க்காத பிள்ளையை மூன்று மணி நேரம் பார்க்கப் போகிறோம், அதைத் திட்டம் போட்டுச் செய்ய வேண்டாமா. காலண்டர் தாளின் பின்பக்கம் ஒவ்வொரு வழியாக எழுதிப் பார்த்தேன். நம் பழைய புரோட்டோன் காரையே நேராகத் துறைமுகம் வரைக்கும் ஓட்டிக்கொண்டு போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். அதற்குச் சிங்கப்பூர்க்காரர்களின் அனுமதியும் கார்டும் முன்கூட்டியே பதிந்து வாங்க வேண்டுமாம், ஒன்பது நாளில் கைக்கு வருமென்று நம்ப முடியாது, வந்தாலும் துறைமுகத்தில் கார் நிறுத்த இடம் சுலபத்தில் கிடைக்காது என்றான் செல்வா. தினமும் விடிவதற்கு முன்னால் மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டிச் சிங்கப்பூர்த் தொழிற்சாலைக்குப் போகிறவன், அவன் சொன்னால் சரியாக இருக்கும். பாலத்தைத் தாண்டுகிற ரயிலுக்கு டிக்கெட் எப்போதோ தீர்ந்துவிட்டது. லார்க்கின் பேருந்து நிலையத்தில் காரைப் போட்டுவிட்டு அங்கிருந்தே பஸ் ஏறலாம், ஆனால் பஸ்ஸிலேயே நேரம் போய்விடும், உன் அம்மாவின் முட்டியும் தாங்காது. கடைசியில் ஜொகூர் பாரு சோதனைச் சாவடியை ஒட்டியிருக்கிற பேரங்காடியில் காரை நிறுத்திவிட்டுப் பாலத்தை மட்டும் பஸ்ஸில் கடந்து, அந்தப் பக்கம் டாக்சி பிடிப்பது என்று முடிவு செய்தோம்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு செல்வா ஒன்று சொன்னான். 'மாமா, அங்க இப்ப கப்பல் வந்து நிக்கிற எடம் ரெண்டு இருக்கு, ஜீவன்கிட்ட எதுன்னு நல்லா கேட்டுக்குங்க' என்றான். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. 'பதினோரு வருஷம் அந்த ஹார்பர் வாசல்ல லாரி ஓட்டினவன்டா நான், எனக்கே வழி சொல்றியா' என்று கேட்டுவிட்டேன். அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். நீயும் மரினா பே என்று தெளிவாகத்தான் எழுதியிருந்தாய். பார்த்தேன். அது அந்த வட்டாரத்துக்கே பொதுவாக வைத்த பெயராக இருக்கும், பையன் கப்பலுக்குள்ளேயே கிடக்கிறவன், அவனுக்கு ஊர் எங்கே தெரியும் என்று நானே தீர்ப்புச் சொல்லிக்கொண்டேன். நான் அங்கே வேலையை விட்டுப் பதினெட்டு வருஷம் ஆகிறது, அதற்குள் ஒரு நாடு இன்னொரு துறைமுகம் கட்டியிருக்கும் என்று என் மண்டையில் ஏறவில்லை.

சனிக்கிழமை காலை ஆறு மணிக்குக் கிளம்பினோம். உன் அம்மா மூன்று மணிக்கே எழுந்து சமைத்துவிட்டாள், தங்காக் துணிக்கடையில் எடுத்த மஞ்சள் சேலையைக் கட்டிக்கொண்டாள், கூட்டத்தில் தூரத்திலிருந்தே உனக்கு அடையாளம் தெரியட்டுமாம். கூலாய் வரைக்கும் நன்றாகத்தான் போனோம், செனாய் தாண்டியதும் கார்கள் ஊர ஆரம்பித்தன. பள்ளி விடுமுறை என்பதை என் திட்டத்தில் எழுத மறந்திருந்தேன். பேரங்காடி வாசலில் இடமில்லை என்று சிவப்பு எழுத்து எரிந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷத்தில் வந்துவிடுகிறேன் என்று உன் அம்மாவைச் சோதனைச் சாவடிப் படிக்கட்டில் இறக்கிவிட்டு அடுத்த இடத்துக்குப் போனேன், அதுவும் நிரம்பி வழிந்தது, அதற்கடுத்த திடலில் உள்ளே விட்டுவிட்டு இடமில்லை என்று வெளியே அனுப்பினார்கள். சந்து சந்தாகச் சுற்றினேன். கடைசியில் ஒரு சீனக் கிழவர் தன் வீட்டு முற்றத்தைக் காட்டி, இருபது வெள்ளி, சாவியைக் கொடுத்துவிட்டுப் போ என்றார், கொடுத்துவிட்டு நடந்தேன். நான் படிக்கட்டுக்குத் திரும்பி வரும்போது ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகியிருந்தது. உன் அம்மா இறக்கிவிட்ட இடத்திலேயே, சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு, பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நான் தேடி வந்து அவளைக் காணாமல் திரும்பிப் போய்விடுவேனோ என்று கழிவறைக்குக்கூட எழுந்து போகவில்லையாம். என்னைத் திட்டவில்லை, மணி என்ன என்று மட்டும் கேட்டாள்.

பாலத்தில் பஸ் நகரவே இல்லை. இளவட்டங்கள் இறங்கி நடந்தார்கள், நாங்கள் அவர்கள் போவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பெரிய வேலையெல்லாம் பார்த்த கை கால் இது, அன்றைக்கு ஒரு பஸ்ஸுக்குள்ளே அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. நடுப்பாலத்திலேயே போனில் லைன் போய்விட்டது. அந்தப் பக்கத்துக்கு லைனைத் திறந்துவிடவா மாமா என்று செல்வா கேட்டதற்கும், ஒரு நாளைக்கு எதற்கடா என்று சொன்னவன்தான் நான். அந்தப் பக்கத்து உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் உன் அம்மாவின் கட்டைவிரல் ரேகை இயந்திரத்தில் பதியவில்லை. சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டியது, பிறகு கேன்டீனில் பாத்திரம் தேய்த்தது, விரலில் ரேகை என்று என்ன மிச்சம் இருக்கும். தனியாக அழைத்துப் போய் உட்கார வைத்து அனுப்பினார்கள். வெளியே வந்து டாக்சியில் ஏறும்போது இரண்டு மணியாகிவிட்டது. டாக்சிக்காரர் மலாய்க்காரர், எங்கே என்று கேட்டார், என் பழைய ஹார்பர் இருக்கிற ஹார்பர்ஃபிரன்ட் என்று மார்தட்டாத குறையாகச் சொன்னேன். அவர் ஏன் மறுத்துக் கேட்கப் போகிறார்.

மூன்று மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது போய் இறங்கினோம். பக்கத்துப் பேரங்காடியின் கடல் பக்க நடைபாதைக்கு வந்தால் வெள்ளை வெளேரென்று ஒரு கப்பல் நிற்கிறது. உன் அம்மா அதைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். நீ இங்கேயே இரு, அவனைக் கூட்டி வருகிறேன் என்று அவளைப் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு ஓடினேன், அறுபத்து மூன்று வயதில் அப்படி ஓடியிருக்கக் கூடாது. கவுண்டரில் இருந்த பெண் உன் கப்பல் பெயரைக் கேட்டுவிட்டு, 'அங்கிள், இந்தக் கப்பல் இங்க இல்ல, மரினா பேல நிக்குது' என்று பொறுமையாகச் சொன்னாள். டாக்சியில் கால் மணி, இருபது நிமிஷம்தானாம். சுவரில் மணி மூன்றைத் தாண்டிவிட்டது, நீ உள்ளே போயிருப்பாய். பக்கத்தில் யார் யாரோ பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள், நான் அந்தக் கவுண்டரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இன்னும் ஏதாவது வேணுமா அங்கிள் என்று அந்தப் பெண் கேட்டாள், ஒன்றும் வேண்டாம் என்றேன்.

இனி எழுதப் போவதைத்தான் யாரிடமும் சொல்லவில்லை. இவளிடம் எப்படிச் சொல்வது என்று யோசித்து யோசித்து மெதுவாகத் திரும்பி நடந்தேன், வழியில் ஒரு தூண் ஓரத்தில் எவ்வளவு நேரம் நின்றேன் என்றுகூடத் தெரியாது. நான் போய்ச் சேரும்போது அந்தக் கப்பல் கிளம்பிக்கொண்டிருந்தது. உன் அம்மா எழுந்து கம்பி ஓரத்தில் நின்று, மஞ்சள் முந்தானையைத் தூக்கிப் பிடித்துக் கை காட்டிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சர்க்கரையால் கண்ணில் மங்கல் என்பது உனக்குத் தெரியும், கப்பல் பெயர் எங்கே படிக்கப் போகிறாள். என்னைப் பார்த்ததும், வெளியில் விட மாட்டேன் என்று சொல்லிவிட்டார்களா, பரவாயில்லை, அதோ பாருங்கள், பையன் என்னைப் பார்த்துவிட்டான் என்றாள். பக்கத்தில் போய் நின்று நானும் கை காட்டினேன். யாருடைய பிள்ளைகளோ அங்கிருந்து திருப்பிக் கை காட்டினார்கள்.

இதில் பெரிய பாவம் எது தெரியுமா. உன் கப்பல் ஐந்து மணிக்குத்தான் கிளம்பும் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் உண்மையைச் சொல்லி ஒரு டாக்சி பிடித்திருந்தால், உன்னைப் பார்க்காவிட்டாலும் உன் கப்பலையாவது அவள் பார்த்திருப்பாள். யார் கண்டது, நீயும் எங்கேயாவது கம்பி ஓரம் நின்றிருக்கலாம். அதையும் நான் செய்யவில்லை. அவள் முகம் அன்றைக்கு இருந்த இருப்பைப் பார்த்து எனக்குப் பயமாகிவிட்டது, அவ்வளவுதான். முப்பது வருஷம் அவளோடு குடும்பம் நடத்தியவன், எனக்குத் தெரியவில்லை என்று ஒரு வார்த்தை சொல்லக் கற்றுக்கொள்ளவில்லை.

திரும்பி ஜொகூர் பாரு வந்ததும் போனில் லைன் வந்தது, சீனக் கிழவர் வீட்டு முற்றத்தில் காரை எடுக்கும்போது உன் ஐந்து செய்தியும் ஒன்றன் பின் ஒன்றாக விழுந்தன. வெளி வாசலில் நிற்கிறேன், எங்கே வருகிறீர்கள், இன்னும் அரை மணி இருக்கிறது, இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது, சரி அப்பா உள்ளே போகிறேன் என்று. உன் அம்மா காரில் ஏறிக் கண்ணை மூடியிருந்தாள். ஐந்தையும் படித்தேன், ஐந்தையும் அழித்தேன். துறைமுகம் மாறிப் போனதை மட்டும் செல்வாவிடம் மறுநாள் சொன்னேன். நான்தான் அப்போதே சொன்னேனே என்று அவன் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும், அவன் என் தோளைத் தட்டிவிட்டுப் போய்விட்டான்.

இப்போது உன் அம்மா தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாள். நீ மேலிருந்து மூன்றாவது தட்டில் இடது ஓரத்தில் நின்றாயாம், வெள்ளைச் சட்டையாம், இரண்டு கையையும் தூக்கி ஆட்டினாயாம், கொஞ்சம் இளைத்திருக்கிறாயாம். அடுத்த மாதம் குளுவாங் ஆஸ்பத்திரியில் கண் ஆபரேஷனுக்கு நாள் கொடுத்திருக்கிறார்கள், இதுவரைக்கும் பயந்துகொண்டிருந்தவள், பிள்ளையைப் பார்த்துவிட்டேன் இனி எனக்கென்ன என்று தைரியமாக இருக்கிறாள். புதன்கிழமை கப்பல் கொழும்பு போனதும் நீ கூப்பிடுவாய், போனை எடுத்த உடனே என்னைப் பார்த்தாயா என்றுதான் கேட்பாள். உன்னை நான் என்ன செய்யச் சொல்ல. பார்த்தேன் என்று சொல்லச் சொன்னால் பெற்ற தாயிடம் பொய் சொல்லச் சொல்லித் தருகிற அப்பனாகிறேன், பார்க்கவில்லை என்று சொல்லச் சொன்னால் அந்த முகத்தை நான் எப்படிப் பார்ப்பேன். இரண்டு ராத்திரி தூங்காமல் யோசித்தும் எனக்கு வழி தெரியவில்லை, அதனால் உன்னிடம் விட்டுவிட்டேன். உன் வாயில் என்ன வருகிறதோ அதைச் சொல், எதைச் சொன்னாலும் அப்பா உன்னைக் கோபிக்க மாட்டேன்.

வேலையில் கவனமாக இரு, ஈரத் தரையில் நல்ல சப்பாத்து போட்டு நட, குளிரில் தலையை நனைத்துக்கொண்டு காற்றில் நிற்காதே. மேலே இருக்கிறவர்கள் ஒரு வார்த்தை அதிகம் பேசினால் பொறுத்துப் போ, உனக்கு என் நாக்கு வந்துவிடக் கூடாது. அடுத்த முறை எந்தக் கரையில் உன் கப்பல் வந்து நின்றாலும், எந்தத் துறைமுகம், எந்த வாசல், காரை எங்கே நிறுத்த வேண்டும் என்று நீயே எழுது, எழுதியபடி நான் வருகிறேன். முனீஸ்வரர் உனக்கு முன்னாலும் பின்னாலும் நடக்கட்டும், எங்கள் இருவருடைய ஆயுளையும் சேர்த்து நீ நன்றாக இரு.

மறக்காமல் இதற்கு மட்டும் பதில் எழுது, நம் போனுக்கு வேண்டாம், செல்வா நம்பருக்கு அனுப்பு. அன்றைக்கு நீ நின்ற இடத்தில் நிழல் இருந்ததா. மத்தியானம் சாப்பிட்டாயா, இல்லை அம்மா கொண்டுவருவாள் என்று சாப்பிடாமலேயே நின்றாயா.

இப்படிக்கு,
உன் அப்பா
காளியப்பன்