பட்டமளிப்பு நாளில் நின்ற டர்பைன்

இன்று காலை சுங்கை பினாங் வீட்டில் புதுக் கேஸ் சிலிண்டரை மாட்டும்போது லேசாக வாடை வந்தது. வால்வைத் திருகி மூடிவிட்டு நிமிர்ந்தேன். நீ கண்முன்னே நின்றாய்.

தொண்ணூறுகளில் பல்கலைக்கழக வளாகத்து மின்நிலையத்தில் நாம் இருவரும் ஒரே ஷிப்ட். இயற்கை எரிவாயுவில் டர்பைன் ஓடும். அது தரும் மின்சாரத்தில் விளக்குகள் எரியும். அது கக்கும் சூட்டைக்கொண்டே தண்ணீரைக் குளிரவைத்து மண்டபங்களுக்கு அனுப்புவோம். "சூட்டை வைச்சுக் குளிரு காட்டுற வித்தைலா இது" என்று சிரிப்பாய்.

பட்டமளிப்பு நாளில் உனக்கு லீவு கிடைக்கவில்லை. புக்கிட் மெர்தாஜாம் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே அஞ்சல் வழியில் படித்த உன் மனைவி, நான் தங்கச்சி என்று கூப்பிடுபவள், அன்று அங்கி அணிந்து மண்டபத்தில் உட்கார்ந்திருந்தாள். அவள் முறைக்கு மட்டும் ஓடிப் போய் வர அனுமதி வாங்கியிருந்தாய். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு புறப்பட்டவன், எரிவாயுக் குழாய் அருகே நின்றுவிட்டாய்.

"கேஸ் வாடை வருது."

எனக்கு வரவில்லை. கசிவு காட்டும் கருவியும் சத்தமிடவில்லை.

"மீட்டர் சும்மாதானே இருக்கு? நீ போலா, தங்கச்சி பேரு வந்துடும்."

"டர்பைனை நிறுத்திட்டுத் தேடுவோம்."

"மண்டபமே வெந்துடும்! பத்து நிமிஷம் பொறு."

"அவ பேருக்காகப் பொறுக்கச் சொல்றியா? அவளும்தான் இங்க பக்கத்துல இருக்கா" என்றபடி நீயே பொத்தானை அமுக்கினாய்.

விளக்குகள் வெளி மின்சாரத்துக்கு மாறிக்கொண்டன, குளிர் நின்றது. போனில் பொறியாளர் கத்தினார். சோப்புத் தண்ணீரைத் தடவித் தடவி ஒவ்வோர் இணைப்பாகப் பார்த்தோம். டர்பைனின் கொதிக்கும் உடலுக்குக் கையெட்டும் தூரத்தில், ஓர் இணைப்பில் நுரை பொங்கியது. நீ அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாய், சட்டையெல்லாம் கிரீஸ். மண்டபப் பக்கமிருந்து கைதட்டல் கேட்டது; யாருக்கென்று தெரியவில்லை.

பிறகு தங்கச்சி அங்கியோடு வேர்த்து வழிய வந்தாள். நீ மன்னிப்புக் கேட்க வாய் திறந்தாய்.

"குளிரு நின்னப்பவே தெரிஞ்சிடுச்சு, நீங்க எதையோ கண்டுபிடிச்சிட்டீங்கன்னு. எல்லாரும் திட்டிக்கிட்டே விசிறினாங்க. நான் நிம்மதியா உட்கார்ந்திருந்தேன்."

உன் வேலை அவளுக்கு அவ்வளவு தெரிந்திருந்தது. நான் 'கரண்டு வேலை' பார்க்கிறேன் என்பதற்கு மேல் என் மனைவிக்கு ஒன்றும் தெரியாது, நான் சொன்னதில்லை. அன்று மாலை வீட்டில் முழுக்கதையையும் சொன்னேன். "அப்புறம்? அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

நீ கண்மூடி மூன்று மாதமாகிறது. அந்தப் பட்டமளிப்பு நாளில் தொடங்கிய பேச்சு எங்கள் வீட்டில் இன்னும் ஓயவில்லை. நேற்றும் சோறு ஆறும்வரை பேசிக்கொண்டிருந்தோம்.