பிறை நோட்டு

காஜா பேராங், மலாக்கா
18.12.1957

அன்புத் தங்கை அஸ்மாவுக்கு ராத்தா ரஹீமா ஸலாம் சொல்லி எழுதுவது. நானும் உன் மச்சானும் அல்லாஹ் வைத்தபடி சுகம். அங்கே உன் சுகம் ஏழு மாதமாக எங்களுக்குத் தெரியாது. தெரிவித்தால்தானே தெரியும்?

ஏழு மாதம் கழித்து ஒரு கடிதம். அதிலும் முதல் வரியே, "ராத்தா, ஒரு நோயாளியைப் பற்றிக் கேட்க வேண்டும்." என் இடுப்புவலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. போகட்டும். நீ மனநோய் ஆஸ்பத்திரியில் நர்சுப் படிப்புக்குப் புறப்பட்டபோது, பைத்தியங்களைத் தொடும் வேலைக்குப் போகிறவள் இந்தப் படி ஏறாதே என்று சொன்ன வாய் என்னுடையது. உன்னை மட்டும் குறை சொல்ல முடியுமா?

நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன். ஜெய்னம்பு என்று நம் ஊருக்குப் பக்கத்துச் செமாபோக் பெண். புருஷன் மவுத்தானபின் தூக்கமில்லாமல் அழுது திரிந்தாள் என்று கொழுந்தன் கொண்டுவந்து சேர்த்தான். ஆண்களைக் கண்டால் கட்டிலுக்கு அடியில் ஒளிகிறாள். சாப்பாட்டுக் கூடத்துக்கு வரமாட்டாள். வளையல், பூ எதுவும் வேண்டாம் என்கிறாள். தினமும் நூலில் ஒரு முடிச்சுப் போடுகிறாள். இதெல்லாம் நோவின் அடையாளம் என்று உங்கள் தலைமை நர்சு, அந்தப் பெரிய மிஸ்ஸி, பாடம் எடுத்தார், நீயும் நோட்டில் எழுதிக்கொண்டாய்.

அடி அஸ்மா, அந்தப் பெண் இத்தா இருக்கிறாள்! புருஷனை இழந்தவள் நான்கு மாதம் பத்து நாள் அந்நிய ஆண்கள் முன்னால் வராமல் ஒதுங்கி இருப்பது உனக்குத் தெரியாதா? வாப்பா மவுத்தானபோது உம்மா இத்தா இருந்தார்களே. உனக்கு அப்போது மூன்று வயது. கதவுக்குப் பின்னால் தினம் ஒரு கரிக்கோடு போட்டு நாளை எண்ணிக் கொடுத்தது நான். முடிச்சு பைத்தியம் இல்லை, கணக்கு.

தூக்கம் போனது நோவுதான், அதற்கு மருந்து கொடுங்கள். வைத்தியர் பார்ப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. கூடத்தில் கொண்டுபோய் நிறுத்தாதீர்கள், அவ்வளவுதான்.

ராத்தா ரஹீமா


நர்சுகள் விடுதி
22.12.1957

என் அருமை ராத்தாவுக்கு அஸ்மா ஸலாம்.

இடுப்புவலிக்கு எண்ணெய் தேய்க்கிறீர்களா? (கேட்டுவிட்டேன்.)

உங்கள் கடிதத்தைப் பெரிய மிஸ்ஸிக்கு இங்கிலீஷில் சொன்னேன். அந்த வெள்ளைக்காரத் துரைசாணி இரண்டு தடவை திருப்பிச் சொல்லச் சொன்னார். பிறகு, "நீயும் முஸ்லிம் பெண்தானே, ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டார். "எனக்கும் தெரியாது மேடம்" என்றேன். அன்றே ஜெய்னம்பு கட்டிலைச் சுற்றித் திரை கட்டினோம். சாப்பாட்டை என்னோடு படிக்கும் கோகிலா கொண்டுபோகிறாள்.

ஆனால் ராத்தா, அவளுடைய நூல் இல்லை. போன வாரம் குளிப்பாட்டும்போது ஆயா அழுக்கு நூல் என்று அறுத்து எறிந்துவிட்டாளாம். அன்றைக்குத்தான் ஜெய்னம்பு அடிக்கவும் கடிக்கவும் தொடங்கியிருக்கிறாள். இப்போது "கணக்கு போச்சு, இனி எனக்கு வெளியே இல்லை" என்பதே பேச்சு. இரண்டு வாய்க்கு மேல் சோறு இறங்கவில்லை.

ஆகஸ்ட் கடைசியில் வந்த மெர்டேக்கா சுதந்திர நாளுக்கு முந்தின வாரம் மவுத் என்று மட்டும் கொழுந்தன் எழுதிக் கொடுத்திருக்கிறான். நான் நான்கு முப்பதும் பத்தும் கூட்டி, ஜனவரி முதல் வாரம்வரை போகலாம் என்று டாக்டரிடம் சொன்னேன். அவர் மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமை காலை தலையில் ஷாக் கொடுக்கும் மின்சார வைத்தியத்துக்குப் பெயர் எழுதிவிட்டார். "அதற்குள் அவளே எழுந்து வந்து சாப்பிட்டு என்னோடு பேசட்டும், பெயரை அடித்துவிடுகிறேன். தெரியாத நாளுக்காகக் காத்திருக்க முடியாது" என்கிறார்.

அன்று அவள் கால்களை அமுக்கிப் பிடிக்கும் முறை என்னுடையது. என்னால் முடியாது ராத்தா.

அஸ்மா


காஜா பேராங்
27.12.1957

தங்கை அஸ்மாவுக்கு,

எல்லா மாதத்துக்கும் முப்பது நாள் என்று உனக்கு எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுத்தார்கள்? இத்தாவுக்குப் பிறைக் கணக்கு, சுவரில் தொங்கும் காலண்டர் இல்லை!

உன் மச்சானைச் செமாபோக் பள்ளிவாசலுக்கு அனுப்பி மவுத்துப் புத்தகத்தைப் பார்க்கச் சொன்னேன். "பொம்பளைங்க விஷயத்துக்கு என்னை ஏன்டி ஓட விடுறே" என்று முணுமுணுத்துக்கொண்டே போனார். வரும்போது நெற்றியில் வேர்வை, கையில் துண்டுச்சீட்டு. ஜெய்னம்புவின் புருஷன் மவுத்தானது ஆகஸ்ட் இருபத்தெட்டு, விடியுமுன். மாதாமாதம் பிறை கண்ட நாளைக் குறித்துவைக்கும் என் நோட்டைத் திறந்தேன். முதல் நாள் சாயங்காலம்தான் ஸபர் பிறை கண்டிருக்கிறோம். ஆக, பிறை ஒன்று. சரியாக மாதத் தலைப்பு, சுபஹானல்லாஹ்.

ஸபர் முப்பது. ரபியுல் அவ்வல் இருபத்தொன்பது. ரபியுல் ஆகிர் முப்பது. நாலாவது மாதம் இருபத்தொன்பதா முப்பதா என்பது போன திங்கட்கிழமை வரை யாருக்கும் தெரியாது. அன்று மேகம். நானும் உன் மச்சானும் கழுத்து வலிக்க நின்றோம். விளக்கேற்ற வெளியே வந்த பக்கத்து வீட்டுத் தெய்வானை, மலாய் பேசும் மலாக்காச் செட்டிப் பெண், "காக், ஸானா! ஸானா!" என்று கூவினாள், அக்கா, அங்கே அங்கே என்று. அவள் விரல் நீட்டிய இடத்தில் நகக்கீற்றுப்போல் நின்றது. பள்ளிவாசலிலும் கண்டதாகச் சேதி வந்தது. அதுவும் இருபத்தொன்பதுதான்.

இப்போது மேலே பத்து நாளையும் சேர்த்துக் கூட்டிப் பார். நூற்றிருபத்தெட்டு. ஜனவரி இரண்டு, வியாழன், பொழுது சாய்ந்ததும் முடிகிறது. உன் டாக்டரின் வெள்ளிக்கு முதல் நாள்.

வாய்ச்சொல்லை அவள் நம்பமாட்டாள். அதனால் நூல் ஒன்று இத்துடன் வைத்திருக்கிறேன். இன்றுவரை நூற்றிருபத்திரண்டு முடிச்சு, மாதம் முடியும் இடத்தில் பச்சை நூல் கட்டியிருக்கிறேன். மீதி ஆறையும் அவள் கையால் போடட்டும். நீ போட்டுக் கொடுத்துவிடாதே.

ராத்தா ரஹீமா


நர்சுகள் விடுதி
3.1.1958

ராத்தா,

பெயரை அடித்துவிட்டார்!

நூலைத் திரைக்குள் கொடுத்தேன். முதல் முடிச்சிலிருந்து விரலால் தடவிக்கொண்டே வந்தாள். பச்சை வந்த இடங்களில் மாதத்தின் பெயர் சொன்னாள். கடைசியில், "யாரு கட்டினா?" என்றாள். என் ராத்தா என்றேன். "முடிச்சு பெருசு பெருசா போடுறாங்க, கண்ணு தெரியாதா?" என்றாள். கோகிலா சிரிப்பை அடக்க வெளியே ஓடினாள்.

தபாலில் போன நாட்களுக்கும் சேர்த்து முடிச்சுப் போட்டாள், அதன்பிறகு தினம் ஒரு முடிச்சு. சோறும் இறங்கியது. நேற்று பொழுது சாய்ந்து மஃரிப் நேரம் வந்ததும் கடைசி முடிச்சைப் போட்டுத் தொழுதாள். தலைக்கு எண்ணெய் கேட்டாள். தானே திரையை விலக்கிக்கொண்டு கூடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். "மீனு இல்லியா?" என்பதுதான் முதல் கேள்வி. இன்று காலை டாக்டர் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னாள். முழுக்கச் சுகமில்லை ராத்தா, இன்னும் திடுக்கிட்டு எழுந்து அழுகிறாள், மருந்து ஓடுகிறது. ஆனால் கேட்டால் பேசுகிறாள்.

நேற்று மதியமே பெரிய மிஸ்ஸி என்னை வகுப்பில் எழுப்பி நிறுத்தி, உங்கள் இரண்டு கடிதங்களையும் பதினான்கு மாணவிகளுக்கும் சொல்ல வைத்தார். இனிப் புதிதாக யார் வந்தாலும், "இந்தப் பழக்கம் என்ன, உங்கள் வீட்டில் இதை அறிந்தவர் யார்?" என்று முதலில் கேட்க வேண்டும். அதற்குப் பிறகுதான் நோவின் பெயரை எழுதலாம் என்று மிஸ்ஸி சட்டமே போட்டுவிட்டார்.

மார்ச்சில் ஒரு வாரம் லீவு. எங்கே போகப்போகிறாய் என்று கோகிலா கேட்டாள். தெரியாது என்றேன்.

அஸ்மா


காஜா பேராங்
8.1.1958

அருமைத் தங்கைக்கு,

அல்ஹம்துலில்லாஹ். கடிதத்தை மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் எழும்பவில்லை. உன் மச்சான் பயந்துவிட்டார்.

மளிகை சுற்றிவந்த காகிதத்தில் எழுத்துக்கூட்டிப் படித்தவள் நான். என் எழுத்தையா வகுப்பில் படித்தாய்? பிழைகளையாவது திருத்திச் சொல்லியிருக்கலாம். ஜெய்னம்புவிடம் சொல், கண் நன்றாகத் தெரிகிறது. அவள் விரல் தடவிப் பார்ப்பாள் என்றுதான் பெரிதாகப் போட்டேன்.

பைத்தியத்தைத் தொட்ட கையை யார் பிடிப்பான் என்று உன்னிடம் கேட்டேன். இத்தாவில் உம்மா சுவரில் முட்டி அழுதபோது அவர்களைத் தொட்டுப் பிடித்த கை என்னுடையது. அதை மறந்துபோய்ப் பேசினேன். நீ மனதில் வைத்துக்கொள்ளாதே.

நோன்பு மார்ச்சில் வருகிறது. நோட்டில் அதற்கு முந்தின ஷஃபான் மாதத்துக்கு நேரே "அஸ்மா வருகை" என்று எழுதியாயிற்று. லீவு தொடங்கும் தேதியை மட்டும் எழுது. பிறையை நான் போட்டுக்கொள்கிறேன், உன் கணக்கை நம்ப முடியாது.

உன் ராத்தா ரஹீமா