வெறும் ஆவிதான் என்றான்

அன்பு மகளே,

நீ உடம்புக்கு ஒன்றுமில்லாமல் சுகமாக இருக்க வேண்டும், இப்போதைக்கு என் வேண்டுதல் அது ஒன்றுதான். இங்கே எல்லோரும் சௌக்கியம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை அந்த வார்த்தைக்குக் கை போகவில்லை. இருக்கிறோம். சமைக்கிறோம், சாப்பிடுகிறோம், வேலைக்குப் போகிறோம். போனில் பேசாமல் இதென்ன புதிதாகக் கடிதம் என்று நினைப்பாய். போனில் கேட்டேனே, நீதான் சிக்னல் சரியில்லம்மா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிட்டாய், அப்புறம் பேசியபோது அங்கே பெய்த மழையைப் பற்றியே பேசி முடித்துவிட்டாய். கடிதத்துக்குச் சிக்னல் தேவையில்லை. கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெம்பில்லை. உன் தம்பி வாயில் வைத்து இழுத்தானே அந்தக் கருவி, அதை நீயும் இழுக்கிறாயா?

உன்னிடம் நாங்கள் முழுதாகச் சொல்லவில்லை. காய்ச்சல், நெஞ்சில் சளி, நாலு நாள் ஆஸ்பத்திரியில் இருக்கட்டும் என்கிறார்கள் என்றுதான் அப்பா சொன்னார். புது வேலை, லீவு கிடைக்காது, அத்தனை தூரத்தில் தனியாக உட்கார்ந்து இவள் அழுது என்ன ஆகப்போகிறது என்று நாங்களே முடிவு செய்துகொண்டோம். நடந்ததைச் சொல்கிறேன். நம் வாலுப் பயலுக்கு முதலில் இருமல், பிறகு வாந்தி, சாப்பிட்டது எதுவும் தங்கவில்லை. கூரியர் ஆபீசில் மூட்டை தூக்குகிற பையன், நம் வீட்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவி ஏறுகிறவன், அன்றைக்கு வேலை முடிந்து வந்து பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டான். கீழ்வீட்டு தையல்காரர்தான் பார்த்துவிட்டுக் குரல் கொடுத்தார். நான் போய்ப் பார்க்கும்போது உதடு நீலம் பூத்திருந்தது. என்னடா வாலு என்றேன், ஒண்ணுமில்லம்மா, கொஞ்சம் காத்து வாங்கறேன் என்றான். அப்போதும் ஜோக்குதான். தையல்காரர் நாற்காலியோடு அவனைத் தூக்க, அப்பா இன்னொரு பக்கம் பிடிக்க, ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். போன கையோடு ஐசியுவில் சேர்த்துவிட்டார்கள்.

அங்கே ஒரு சின்ன வயது டாக்டர், உன்னைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கும், எக்ஸ்ரே படத்தைப் பார்த்தபடியே பையன் வேப் பிடிப்பாரா என்று கேட்டார். அப்பாவுக்கு ஏற்கெனவே காது மந்தம், அதிலும் அவர் அப்போது நிலைகொள்ளாமல் இருந்தார். வேப்பிலையா, கசப்பெல்லாம் இவன் வாயில வைக்க மாட்டான் சார் என்றார். நர்ஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு திரும்பிக்கொண்டாள். டாக்டர் சிரிக்கவில்லை, விரல் நீளத்துக்குக் கையால் அளவு காட்டி, இவ்வளவு பெரிசா, பேனா மாதிரி, சார்ஜ் போடுறது, வாயில வெச்சு இழுத்தா புகை வரும் என்றார். எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஓ அதுவா, அது புகையில்ல டாக்டர், ஆவி பிடிக்கிற மெஷின், அவனுக்கு சைனஸ் இருக்கில்ல, நான்தான் தினமும் சார்ஜ் போட்டு வைக்கிறேன் என்றேன். எதையோ நல்லபடியாகச் சொல்லிவிட்ட மாதிரி சொன்னேன். டாக்டர் படத்தைக் கீழே வைத்துவிட்டு, உட்காருங்கம்மா என்றார்.

சின்ன வயதில் அவனுக்கு மூக்கடைத்தால் நான் என்ன பாடுபடுவேன், உனக்குத் தெரியும். சுடுதண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து, போர்வையை மூடி, தலையை அமுக்கிப் பிடித்து, ஆவி பிடிடா ஆவி பிடிடா என்று கத்துவேன், அவன் வீடே இடிந்து விழுகிற மாதிரி ஊரைக் கூட்டுவான். நீதான் காலைப் பிடித்துக்கொள்வாய். அப்படிப்பட்டவன் தானாகவே ஒன்றை வாயில் வைத்து வெள்ளையாக விடுகிறான், என்னடா இது என்று கேட்டால், வெறும் ஆவிதாம்மா என்கிறான். எனக்கு எப்படி இருந்திருக்கும்? இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் போர்வையும் வேண்டாம், பாத்திரமும் வேண்டாம், சௌகரியம்தான் என்று மகிழ்ந்துபோனேன். படுக்கப் போகுமுன் நம் மூன்று போனையும் சார்ஜில் போடுகிறபோது அதையும் சேர்த்துப் போடுவேன். மறந்துவிட்டால் எழுந்துவந்து போடுவேன். எங்கள் ஓட்டல் லாண்டரி சூப்பர்வைசர் அம்மாவுக்குத் தீராத தலைபாரம், எங்க வீட்டுல ஒரு மெஷின் இருக்கு, கேட்டு வாங்கித் தரட்டுமா என்று நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் நல்லவேளை, எனக்குத் தைலமே போதும் என்றுவிட்டாள்.

என் மூக்கை ஓட்டலில் எல்லோரும் மெச்சுவார்கள் என்று உன்னிடம் பீற்றிக்கொண்டிருக்கிறேன், ஞாபகம் இருக்கிறதா. எந்த அறையில் சிகரெட் பிடித்தார்கள் என்று போர்வையை முகர்ந்தே சொல்லிவிடுவேன், அந்தத் துணிகளைத் தனிக் கூடையில் போடுவதற்கு என்னைத்தான் கூப்பிடுவார்கள். வீட்டில் இவன் சட்டையை வாரத்துக்கு எத்தனை தடவை துவைத்திருப்பேன், அதில் புகை நாற்றம் வரவே இல்லை. மாம்பழம் மணக்கும், சில நாள் பபிள்கம். எவளோ ஒருத்தி வந்துவிட்டாள், அவள் போடுகிற சென்ட் இது என்று நினைத்துக்கொண்டு, யாருடா அந்த மாம்பழக்காரி என்று கிண்டல்கூட செய்தேன். அவன் காது சிவக்கச் சிரித்தான். அந்தச் சிரிப்பையும் நான் தப்பாகத்தான் புரிந்துகொண்டிருக்கிறேன்.

டாக்டர் சொன்னதை எனக்குப் புரிந்த வரையில் எழுதுகிறேன். அது தண்ணீர் ஆவியே இல்லையாம். ஏதோ ஒரு எண்ணெய்ப் பதத்து திரவம், அதில் வாசனைக்கு ஒரு மருந்து, பழக்கிவிடுவதற்கு நிக்கோட்டின், எல்லாவற்றையும் சூடாக்கி நேரே நெஞ்சுக்குள் இழுப்பது. வாயில் சாப்பிட்டால் ஒன்றும் செய்யாத வாசனைப் பொருள்கூட நுரையீரலுக்குள் போனால் வேறு வேலை செய்யுமாம். இவனுக்கு இரண்டு பக்கமும் ரணமாகி வீங்கிவிட்டது. எவ்வளவு திரும்பி வரும் என்று கேட்டோம், கொஞ்ச மாதம் போகட்டும், வயசுப் பையன், வரலாம், முழுசா வரும்னு நான் வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார். அவர் நல்லவர், பொய் சொல்லவில்லை. வாரக் கடைசியில் ஹூக்கா கடைக்குப் போவதையும் இவனே அவரிடம் சொன்னான். நாலைந்து பேர் ஒரு குழாயைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, கை மாற்றி வாய் மாற்றி, சாயங்காலம் முழுக்க. தண்ணிக்குள்ள புகுந்துதானே டாக்டர் வருது, அழுக்கெல்லாம் தண்ணியிலயே தங்கிடும்ல என்று அவரையே கேட்டிருக்கிறான். தண்ணி புகையைக் குளிர வைக்கும் தம்பி, அதனால நீ இன்னும் ஆழமா இழுப்ப, அவ்வளவுதான், அடியில எரியற கரியோட புகையும் சேர்ந்துதான் உள்ள போகுது என்றாராம்.

இப்போது உன் விஷயத்துக்கு வருகிறேன். இதை எங்கே வாங்கினாய் என்று டாக்டர் கேட்டபோது, கடையில என்றான். சொல்லும்போது டாக்டரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தான். நீ போன லீவில் வந்தபோது உன் பெட்டியைப் பிரித்து அடுக்கியவள் நான். இதைச் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்தாய், என்னடி இது என்றதற்கு, தம்பிக்கும்மா, குடு என்று பிடுங்கிக்கொண்டாய். அப்பாவுக்குத் தெரியாது, நான் சொல்லப்போவதும் இல்லை. நீ கெட்ட எண்ணத்தில் கொடுத்திருக்க மாட்டாய். ஹூக்கா கடைக்கு அலைகிறானே, அதை விடட்டும், இது பரவாயில்லை என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பாய். அவன் இரண்டையும் வைத்துக்கொண்டான். அப்பாவின் சிகரெட் பாக்கெட்டை வாளித் தண்ணீரில் போட்டு ஊறவைத்துவிட்டு, வாளிக்குப் பக்கத்திலேயே காவல் நின்ற பெண் நீ. அந்த மனுஷர் அதோடு விட்டார். புகை என்றால் மூக்கைச் சுளிக்கிற உனக்கே இது புகையாகத் தெரியவில்லை என்றால் எனக்கு எங்கே தெரிந்திருக்கப் போகிறது. இதை உனக்காகவும் சொல்கிறேன், எனக்காகவும் சொல்கிறேன்.

ஆனால் கேள்வி மட்டும் போகமாட்டேன் என்கிறது. நீ வீடியோவில் பேசும்போது ஒரு நாள் திரையின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ கலைந்தது. என்னடி என்றேன். இங்க குளிரும்மா, மூச்சு விட்டா ஆவியா வருது என்றாய். அடடா, என் பெண் எப்படிப்பட்ட குளிரில் கிடக்கிறாள் என்று லாண்டரி முழுக்கச் சொல்லிப் புலம்பினேன், கம்பளி வாங்கி அனுப்பலாமா என்று அப்பாவிடம் சண்டை போட்டேன். இவன் ஆஸ்பத்திரியில் இருந்து வந்த பிறகு ஒரு நாள், வேலையில் போர்வை மடித்துக்கொண்டிருந்தபோது, அந்த வீடியோ கண்முன் வந்தது. நீ கையில்லாத மேல்சட்டை போட்டிருந்தாய். உன் முதுகுக்குப் பின்னால் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. நான் கத்தவில்லை, உட்காரக்கூட இல்லை. கையிலிருந்த போர்வையை மடித்து அடுக்கிவிட்டு அடுத்ததை எடுத்தேன்.

எனக்கு அழுகை வரமாட்டேன் என்கிறது. அப்பா குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறார், எங்களுக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு. எனக்கு உள்ளே பஞ்சு வைத்து அடைத்த மாதிரி இருக்கிறது. யாராவது பையன் எப்படி இருக்கான் என்றால் பரவாயில்லை என்கிறேன், கேட்டவரும் பரவாயில்லையா என்று போய்விடுகிறார்கள். அவன் சன்னல் பக்கம் கட்டிலைப் போட்டுக்கொண்டு படுத்திருக்கிறான். மூன்று பந்து போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று கொடுத்திருக்கிறார்கள், குழாயை வாயில் வைத்து மூச்சை உள்ளே இழுத்தால் பந்து மேலே ஏற வேண்டும். இவனுக்கு ஒன்று ஏறுகிறது, இரண்டாவது நடுங்கிவிட்டு இறங்கிவிடுகிறது. அப்பா ஒரு நாள் எப்படித்தான் இருக்கிறது பார்ப்போம் என்று இழுத்தார், மூன்றும் டக்கென்று போய் மேலே ஒட்டிக்கொண்டது. பழைய சிகரெட்காரர், அவருக்கே வெட்கமாகிவிட்டது, டப்பாவைக் கீழே வைத்துவிட்டுப் பால் வாங்கி வருகிறேன் என்று கிளம்பிவிட்டார். பால் வீட்டில் இருந்தது.

அந்தக் கருவி இல்லாமல் அவனுக்குக் கை பரபரக்கிறது, சிடுசிடுவென்று விழுகிறான், பிறகு அவனே சாரிம்மா என்கிறான். அதற்கும் ஆலோசனை சொல்ல ஆஸ்பத்திரியில் ஒரு அம்மா இருக்கிறார், வாரம் ஒரு தடவை போகிறோம். மனசு கெட்டியா இருந்தாப் போதும்னு யாரும் சொல்லாதீங்க, இது பழக்கம், உதவி இல்லாம விடறது கஷ்டம் என்றார் அவர். அவனுடைய சிநேகிதன் ஒருவன் பார்க்க வந்தான், சுருட்டை முடிப் பையன், உனக்கும் தெரியும். கையில் பழப்பை, சட்டையில் அதே மாம்பழ வாசனை. என் மூக்கு இப்போது கற்றுக்கொண்டுவிட்டது. உள்ள வாப்பா, அது மட்டும் வெளியில இருக்கட்டும் என்றேன். அவன் ஒரு நிமிஷம் முழித்துவிட்டு, பையிலிருந்து எடுத்துச் செருப்புகளுக்கு நடுவில் வைத்துவிட்டு வந்தான். போகும்போது எடுத்துக்கொண்டுதான் போனான்.

நீ எனக்கு ஆமாம், இல்லை, இரண்டில் ஒன்று எழுது. ஆமாம் என்றால் திட்ட மாட்டேன், திட்டுவதற்கு என்னிடம் இப்போது சரக்கு இல்லை. அங்கேயே ஒரு நல்ல டாக்டரைப் பார், நெஞ்சைப் படம் எடுக்கச் சொல், வெட்கப்பட்டுக்கொண்டு பாதியை மறைக்காதே. கையில் இருப்பதைத் தூக்கிப் போடு, நல்லதாக இருக்கிறதே என்று இன்னொருத்தருக்குக் கொடுத்துவிடாதே. லீவு கிடைத்தால் வா, தம்பியிடம் மன்னிப்பு கின்னிப்பு என்று ஆரம்பிக்காதே, அவன் கடையில் வாங்கினேன் என்று சொன்னது சொன்னதாகவே இருக்கட்டும். அக்காவுக்கு எழுதறேன், ஏதாவது சொல்லணுமா என்று இப்போதுதான் கேட்டேன். சன்னல் பக்கம் திரும்பிப் படுத்தான். அப்புறம், நான் நல்லாயிருக்கேன்னு எழுதும்மா என்றான். எழுதிவிட்டேன்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்கு எண்ணெய் வை, வேலை வேலை என்று தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதே. நூறு வயது இரு, அந்த நூறும் உன் சொந்த மூச்சில் இரு. இன்னொன்று, ஞாயிற்றுக்கிழமை போன் பண்ணும்போது கொஞ்சம் நிதானமாகப் பேசு. நீ சொல்கிற சேதி எதுவும் இப்போதெல்லாம் என் காதில் ஏறுவதில்லை, பேச்சுக்கு நடுவில் நீ மூச்சை உள்ளே இழுக்கிறாயே, அதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா