கவாத்து வாரம்

மாப்ள, வெட்கத்தை விட்டு ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறேன். முந்தாநாள் காலை, கம்பம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே என் ஜெராக்ஸ் கடையில், ஆதாருக்கும் பட்டாவுக்கும் நகல் எடுக்க ஆறு பேர் காத்திருக்க, நான் உன் பெல்ட்டுக்குள் மாட்டிக்கொண்டு வெளியே வர முடியாமல் நின்றேன்.

உன் வீட்டிலிருந்து உன் மனைவி, என் வாய்க்குத் தங்கச்சி, ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். "அண்ணே, இது கண்ணு முன்னாடி கெடந்தா தாங்கல. நீங்களே வச்சுக்கங்க" என்றாள். பையைத் திறந்ததும் தோல் வாசம், வியர்வை வாசம், நீ முழங்காலில் தேய்க்கும் தைலத்தின் வாசம், எல்லாம் ஒன்றாக வந்து முகத்தில் அடித்தன. எடை தூக்கும்போது நீ இடுப்பில் கட்டும் பெல்ட். ஒரே ஒரு தடவை போட்டுப் பார்ப்போமே என்று தோன்றிவிட்டது. உன் பழைய ஓட்டை எனக்கும் சேரும் என்று ஒரு திமிர். வயிற்றை எக்கி இழுத்தேன், ஊசி மாட்டியது. வயிறு திரும்பி வந்துவிட்டது. ஊசி வரவில்லை.

"ஆத்தாடி, இந்தாளுக்கு வலிப்பு வந்திருச்சு போல" என்றாள் பட்டா நகலுக்கு வந்த அம்மா. பக்கத்துப் பஞ்சர் கடைக்காரன் குறடோடு ஓடிவந்தான். "அண்ணே, மூச்ச மெல்ல வெளிய விடுங்க. டயர்ல காத்து எறக்குற மாதிரி" என்று என் வயிற்றைத் தட்டிக்கொடுத்தான். ஆறு பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

கழற்றி மேசையில் போட்ட பிறகுதான் ஓட்டைகளைப் பார்த்தேன். கம்பெனி போட்ட ஓட்டைகளுக்கு உள்ளே, நீ ஆணி வைத்து அடித்த ஓட்டைகள் ஐந்து. ஒன்றுக்கொன்று கோணல், ஒன்றைவிட ஒன்று உள்ளே. கடைசி ஓட்டையில் மாட்டினால் என் ஒரு தொடைதான் நுழையும். மெஷின் சூடாகிவிட்டது, அரை மணி நேரம் கழித்து வாருங்கள் என்று எல்லோரையும் அனுப்பிவிட்டு ஷட்டரைப் பாதி இறக்கினேன். மெஷின் சூடாகவில்லை.

நாற்பத்தாறு வயதில் எவனாவது பவர் லிஃப்டிங் ஆரம்பிப்பானா? நாம் ஆரம்பித்தோம். சர்க்கரை எல்லைக் கோட்டில் நிற்கிறது, தினமும் நடக்க வேண்டும் என்று டாக்டர் என்னிடம் சொல்ல, அதை நான் உன்னிடம் புலம்ப, "வாக்கிங் போனா ஊரே பாத்துச் சிரிக்கும் மாப்ள. எட தூக்குனா கதவச் சாத்திக்கிட்டுத் தூக்கலாம்" என்றாய் நீ. உன் திராட்சைத் தோட்டத்தில் பெட்டி கட்டும் ஷெட் ஒன்று சும்மா கிடந்தது. மதுரையில் மூடிவிட்ட ஜிம் ஒன்றிலிருந்து ஒரு பாரும் பிளேட்டுகளும் பெஞ்சும் வேனில் வந்து இறங்கின. ஊரில் எவருக்கும் சொல்லக்கூடாது என்றாய். நான் இரண்டு நாள் சொல்லாமல் இருந்தேன். அது எனக்குச் சாதனைதான்.

எட்டு மாதம் தினமும் தூக்கினோம். ஸ்குவாட், பெஞ்ச், டெட்லிஃப்ட், மூன்றும் தினமும், மூன்றும் முடிந்த மட்டும். முதல் மூன்று மாதம் எடை ஏறியது. அப்புறம் என் டெட்லிஃப்ட் நூறு கிலோவில், குமுளி செக்போஸ்ட்டில் பேப்பர் இல்லாத லாரி மாதிரி நின்றுவிட்டது. அந்த நேரம் பார்த்துத்தான் தேனியில் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர்களுக்குப் போட்டி என்று நோட்டீஸ் வந்தது. என் கடையில்தான் நகல் எடுத்தார்கள். எனக்கு வாய் சும்மா இருக்குமா? டீக்கடையில் நின்று, நான் நூற்று நாற்பது தூக்கப் போகிறேன் என்று அறிவித்துவிட்டேன். அந்தச் செய்தி உத்தமபாளையம் போய், போடி வரை போய், நூற்று எண்பதாகத் திரும்பி வந்தது. தூக்காவிட்டால் கடையை வேறு ஊருக்கு மாற்றிக்கொண்டு போக வேண்டியதுதான் என்ற நிலை.

உன்னிடம் வந்து ஒப்புக்கொண்டபோது நீ பந்தலுக்கு அடியில் கவாத்துக் கத்திரியோடு நின்றாய். தலைக்கு மேல் கொடியெல்லாம் மொட்டையாக வெட்டப்பட்டிருந்தது.

"இன்னும் அஞ்சு மாசம் இருக்கு மாப்ள. தினம் ரெண்டு தடவ தூக்குனா என்ன?" என்றேன்.

"இந்தக் கொடியப் பாரு" என்றாய். "இத வெட்டாம விட்டா என்ன ஆகும்?"

"பச்சப்பசேல்னு இருக்கும்."

"இருக்கும். எல மட்டும் இருக்கும், காய் இருக்காது. நீயும் நானும் எட்டு மாசமா எலதான் வளத்துருக்கோம். வெட்டிப்போட்டு ஓய விடணும். அப்பத்தான் அடுத்த கண்ணு முழிக்கும்."

"நான் என்ன பன்னீர் திராட்சையா?"

"நீ பூசணிக்கா. இருந்தாலும் முயற்சி பண்ணிப் பாப்போம்."

அன்று திங்கட்கிழமை. சாயங்காலமே, பெட்டியில் பேர் எழுதும் சிவப்புப் பெயிண்டை எடுத்து ஷெட் சுவரில் எழுதினாய். திங்கள் ஸ்குவாட், புதன் பெஞ்ச், வெள்ளி டெட்லிஃப்ட். மற்ற நாள் இந்தப் பக்கமே வரக்கூடாது. ஐந்து தடவை, மூன்று சுற்று. இன்னும் இரண்டு தடவை தூக்க முடியும் என்று தோன்றும்போதே கீழே வைத்துவிட வேண்டும். வாரம் இரண்டரைக் கிலோ ஏற்றலாம், அதற்கு மேல் கூடாது. நாலாவது வாரம் கவாத்து வாரம்: பாதி எடை, ஒரே சுற்று. கீழே கல்வெட்டு மாதிரி அன்றைய தேதியும் போட்டாய்.

நான் நம்பவில்லை. ஓய்வு நாளில் கடையிலேயே, ஏ-ஃபோர் பேப்பர் பெட்டிகளை ஒன்றின் மேல் ஒன்றாகக் கயிற்றில் கட்டித் திருட்டுத்தனமாகத் தூக்கினேன். மூன்றாவது வாரம் இடுப்பில் ஒரு சத்தம் கேட்டது. பேப்பருக்கு நடுவே மல்லாந்து கிடந்தேன். யார் போன் செய்தார்களோ, நீ தைலத்தோடு வந்து என்னைக் குப்புறத் தள்ளினாய்.

"வெட்டுன மறுநாளே கொடிகிட்டப் போய் ஏன்டா காய்க்கலன்னு நின்னியாக்கும்" என்றாய். வேறு ஒன்றும் திட்டவில்லை. அன்றிலிருந்து சுவர் சொன்னபடி நடந்தேன்.

ஏறியது மாப்ள. வெட்கமாகத்தான் இருக்கிறது, குறைவாகத் தூக்கத் தூக்க அதிகமாகத் தூக்கினேன். கவாத்து வாரம் முடிந்து வரும் திங்கட்கிழமை ஒவ்வொன்றும் பார் எனக்கு இளைத்துப்போனது போல் இருக்கும். ஐந்து கவாத்துக்குள் நூற்று முப்பத்தேழரை.

நீ மட்டும் ஏற்றவில்லை. "ரெண்டு பேரும் ஏத்துனா யாரு யாரப் பாக்குறது? மொதல்ல ஒன்னையக் காய்க்க வைப்போம்" என்று உன் பாரில் பிளேட்டுகளைக் குறைத்துக்கொண்டே போனாய். கவாத்து வாரத்தில் ஷெட்டுக்கே வரமாட்டாய். மதுரையில் உரக்கடைக்காரரைப் பார்க்க வேண்டும் என்பாய். நடுவில் ஒருநாள் மொட்டைத் தலையோடு வந்தாய். வீரபாண்டி கௌமாரியம்மனுக்கு வேண்டுதல் என்றாய். "முடிய எடுத்தா எடையில கால் கிலோ கொறையும்னு எடுத்தியா? போட்டியில எட வகுப்பு மாறப் பாக்குறியா?" என்று கேட்டு நானே சிரித்துக்கொண்டேன். ஊரில் நடக்கும் விஷயம் ஒன்று விடாமல் தெரிந்து வைத்திருக்கும் எனக்கு, எதிரில் நின்ற உன் தலை தெரியவில்லை.

இனி சொல்லப்போவதைத்தான் இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லவில்லை.

போட்டிக்குப் பத்து நாள் முன்பு, டீக்கடையில் நீ ஒரு பஜ்ஜியை ஒரு கடி கடித்துவிட்டு வைத்தாய். "சாப்ட்டா எறங்க மாட்டேங்குது மாப்ள. வயிறு என்னமோ பண்ணுது" என்றாய். பெல்ட்டில் நீ நாலாவது ஓட்டை அடித்திருந்த சமயமாகத்தான் இருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உனக்குத் தெரியும்.

"எடையில ஒரு வகுப்பு கீழ எறங்கிட்ட, அந்த வகுப்புல ஆளே கெடையாது. இப்பப் போய் டாக்டர் கீக்டர்னு ஒடம்ப ஏத்திராத. போட்டி முடியட்டும். அப்புறமா ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

நீ சிரித்தாய். கண்ணில் தண்ணீர் வருகிற மாதிரி, பெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரித்தாய். என் ஜோக் ஒன்றுக்கு அவ்வளவு நீளமான சிரிப்பு அதற்கு முன்னும் கிடைத்ததில்லை, பின்னும் கிடைத்ததில்லை.

தேனி கல்யாண மண்டபத்தில் நீ பேர் கொடுத்திருந்தும் மேடை ஏறவில்லை. "ஒன் பெல்ட்ட இறுக்க ஒரு ஆளு வேணும்ல" என்று எனக்கு வேலைக்காரனாக வந்தாய். கடைசி முறைக்கு நூற்று நாற்பது கேட்டேன். பார் முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்டது. ஊரே பார்க்கிறது. அப்போது கூட்டத்துக்கு மேல் உன் குரல் வந்தது: "ஏலே, முதுகு." அவ்வளவுதான். முதுகை நிமிர்த்தினேன், வந்துவிட்டது. எனக்கு மூன்றாவது இடம். எங்கள் வகுப்பில் இருந்ததே நாலு பேர் என்பதை இதுவரை யாருக்கும் சொல்லவில்லை.

திரும்பி வரும்போது பஸ் வீரபாண்டியில் நின்றது. நான் மெடலைக் கழுத்திலேயே போட்டிருந்தேன். நீ ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே, "மாப்ள, வயித்துல கட்டியாம். நாளைக்கு மதுரைக்குப் போகணும்" என்றாய். மெடலைக் கழற்றிப் பையில் வைக்க எனக்கு வெகுநேரம் ஆனது. கொக்கி சிறியது.

அதன் பிறகு நான் ஏற ஏற நீ இறங்கினாய். எண்பத்து நாலு, எழுபது, அறுபது. கடைசியாக ஆம்புலன்ஸ் வந்த அன்று, உன் வீட்டு மாடிப்படித் திருப்பத்தில் ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. "அண்ணே, நீங்க தூக்குங்க" என்றாள் தங்கச்சி. ஒரு கை முதுகுக்கு, ஒரு கை முழங்காலுக்கு அடியில் கொடுத்துத் தூக்கினேன். உன் எலும்பு என் முன்கையில் அழுந்தியது. மூன்று படி இறங்கியதும் கண்ணைத் திறந்தாய்.

"எத்தன கிலோ இருப்பேன்?"

"நாப்பத்தஞ்சு இருப்ப."

"ச்சீ. வார்ம்-அப் வெயிட்டு." அடுத்த படியில், "முதுக நேரா வையி" என்றாய்.

மிச்சம் பதினாலு படி. நான் முதுகை நேராகத்தான் வைத்திருந்தேன் மாப்ள. மற்றதெல்லாம்தான் வளைந்துபோயிருந்தது.

ஷெட்டின் சாவி இப்போது என்னிடம்தான் இருக்கிறது. தங்கச்சி வேண்டாம் என்று சொல்லவில்லை. திங்கள், புதன், வெள்ளி போகிறேன். இரண்டு தடவை மிச்சம் இருக்கும்போதே கீழே வைக்கிறேன். கூடலூரிலிருந்து ஜீப் டிரைவர் ஒருவரும் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரும் வருகிறார்கள். அவர்களுக்குச் சுவரைக் காட்டி, இது திராட்சையிலிருந்து எடுத்த முறை, கொடியின் ஓய்வை உடம்புக்குக் கொண்டுவந்தவன் என் மாப்ள என்று அளந்துவிடுகிறேன். அவர்களுக்கும் ஏறுகிறது. வாத்தியார் அதை நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாலாவது வாரம்தான் கஷ்டம். "இந்த வாரம் வந்தா மட்டும் ஏன் இப்படி இடிச்ச புளியாட்டம் உக்காந்திருக்கீக?" என்கிறாள் என் மனைவி. கை சும்மா இருக்கும்போது அந்த டீக்கடை பெஞ்ச் வந்துவிடுகிறது. போட்டி முடியட்டும் என்று சொன்ன வாய் என்னுடையது. பத்து நாள் முன்பே போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எந்த டாக்டரிடமும் நான் கேட்கவில்லை. கேட்கப் பயம். நூற்று நாற்பதைத் தூக்கியவன் அந்த ஒரு வரியைத் தூக்கிக்கொண்டுதான் அலைகிறேன். வாரம் இரண்டரைக் கிலோ அதுவாகவே ஏறிக்கொள்கிறது. அதற்குக் கவாத்து கிடையாது.

இன்று காலை தங்கச்சி மறுபடி கடைக்கு வந்தாள். ஏதோ மனுவுக்கு உன் ஆஸ்பத்திரி ஃபைல் முழுவதும் இரண்டு நகல் வேண்டுமாம். ஊரில் எல்லோருடைய காகிதமும் என் கை வழியாகப் போயிருக்கிறது, உன்னுடையது இன்றைக்குத்தான் வந்தது. அதிலேயே சில தாள்கள் ஏற்கெனவே எடுத்த நகல். இடது ஓரத்தில் மெல்லிய கறுப்புக் கோடு. அந்தக் கோடு எனக்குத் தெரியும், கூடலூரில் இருக்கும் கடையின் மெஷின் போடுவது. என் கடையைத் தாண்டி அவ்வளவு தூரம் போய் எடுத்திருக்கிறாய்.

ஃபைலின் கடைசியில் கட்டிக்கு மருந்து ஏற்ற வரவேண்டிய நாட்களை எழுதிய சீட்டு. மதுரை, வியாழக்கிழமை, நாலு வாரத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு தேதிக்கும் எதிரே நீ வந்து போனதாக ஒரு கையெழுத்து, டீக்கடைப் பேச்சுக்கு மாதக்கணக்கில் முந்தியே. முதல் தேதியைக் கடையிலேயே மனதில் வாங்கிக்கொண்டு, ஷெட்டுக்குப் போய்ப் பார்த்தேன்.

சுவரில் சிவப்புப் பெயிண்டில் இருப்பது அதற்கு நாலு நாள் பிந்திய தேதி.