கைந்நூலில் விடுபட்ட அடுத்த வரி

சல்லி,
12.10.1974

அன்புள்ள மகள் தங்கேஸ்வரிக்கு,

அம்மா எழுதுவது. கோணேசர் துணையில் நானும் அப்பாவும் சுகம், நீயும் கொழும்பில் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் என் நேர்த்தி. அப்பாவுக்கு முழங்கால் நோ குறைந்துவிட்டது, மீன் வாங்கத் தானே கரைக்குப் போகிறார், போனால் கதை முடிந்து திரும்பப் பத்து மணியாகிறது. நீ கேட்ட மிளகாய்த்தூள் இடித்து வைத்திருக்கிறேன்.

இனி உன் வேலையைப் பற்றி. பாடவிதானப் பகுதியில் நீங்கள் எழுதிய ஆசிரியர் கைந்நூல் நான் படிப்பிக்கும் பள்ளிக்கூடத்துக்கும் வந்தது. முதல் பக்கத்தில் உபநிடதத்திலிருந்து ஆசிரியரைத் தெய்வமாகக் கொள் என்று நீ போட்டிருப்பதைப் பார்த்து எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது, அந்தப் பெருமை ஒரு கிழமைகூட நிற்கவில்லை. புதிதாக வந்த ஞானசேகரம் மாஸ்டர் கரும்பலகையில் ஒரு கணக்கைப் பிழையாகச் செய்திருக்கிறார், மீன்பிடிக்கிற கதிரவேலின் மகள் இலட்சுமி எழும்பி, சேர், விடை பிழை என்றிருக்கிறாள், குருவை அவமதித்தாய் என்று அவர் பிரம்பால் அடித்துவிட்டார். தகப்பன் வலையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டுக் கேட்க வந்தால், உன் கைந்நூலை விரித்துக் காட்டி, கொழும்பிலிருந்தே இப்படித்தான் வந்திருக்கு என்றாராம். கதிரவேல் என்னிடம் வந்து, மனுசனோட எண்டா நான் கதைப்பன் ரீச்சர், சாமியோட கதைக்க எனக்கு ஏலாது என்று சொல்லிவிட்டுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போது அவள் கரையில் கருவாடு காயவைக்கிறாள். கணக்கில் அவளைப் போல் இங்கு ஒருவரும் இல்லை.

உபநிடதத்தில் அப்படிச் சொல்லும் குருவே அடுத்தாற்போல் தன் சீடனுக்குச் சொல்வதை மாஸ்டரிடம் எடுத்துச் சொன்னேன், எங்களிடம் நல்ல நடத்தை எதுவோ அதை மட்டும் பின்பற்று, மற்றதை விடு என்று. அவர் கெட்ட மனிதர் இல்லை, முகம் வாடித்தான் போனது, ஆனாலும் அது கைந்நூலில் இல்லையே ரீச்சர், இருந்தால் நானே போய்ப் பிள்ளையைக் கூட்டிவருவேன் என்கிறார். மானம் போகாமல் கடற்கரைக்கு இறங்க அவருக்கு அச்சடித்த ஒரு வரி வேண்டுமாம்.

கைந்நூலைத் திருத்தப் போகிறோம் என்று நீயே எழுதியிருந்தாய், அந்த வரியைச் சேர்த்துவிடு. ஆசிரியருக்கு மரியாதை குறைந்துவிடும் என்று மேலே உள்ளவர்கள் சொல்வார்கள், குருவே தன் வாயால் சொல்லிக் குறையாதது நீ அச்சடித்தா குறையப் போகிறது. சுற்றறிக்கையாக முன்கூட்டி அனுப்ப ஏலுமென்றால் இன்னும் நல்லது, கதிரவேல் மாரி மழைக்கு முன் குடும்பத்தோடு இலங்கைத்துறைக்கு மீன்பிடிக்கப் போகப் போவதாகக் கதை, போனால் அவள் படிப்பு அத்தோடு சரி.

நேரத்துக்குச் சாப்பிடு, மழையில் நனையாதே. நோய் நொடி இல்லாமல் நல்லா இரு மகள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே, அடுத்த வரியைச் சேர்க்க ஏலாது என்று அவர்கள் நின்றால் முதல் வரியையும் வெட்டிவிடு. பாதிச் சாமியைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாதே.

உன் அம்மா,
கனகம்மா