இறால் கோதில் செய்த தாள்

உப்புவெளி,
புதன்கிழமை.

அன்புள்ள மகள் றஜிதாவுக்கு,

ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அப்பாவும் ஏதோ எழும்பி நடமாடுகிறோம். அவ்வளவு தூரத்தில் நீயும் மருமகனும் நோய்நொடி இல்லாமல் இருக்க மாதாவை மன்றாடுகிறேன். ஏன் முந்தி மாதிரிக் கதைக்கிறீங்கள் இல்லை என்று கேட்டாய். போனில் சொன்னால் பாதியில் நீ புத்தி சொல்லத் தொடங்குவாய், நானும் அழுதுவிடுவேன். லீவுக்கு வந்த விதுசன் உங்கள் மெல்பேர்ணுக்குத் திரும்புகிறான், அவனிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், ஆறுதலாய் வாசி. இங்கே மழை விடவில்லை. அப்பாவுக்கு முழங்கால் நோ, அதோடு குசினியில் இறால் கோது நாறுகிறது என்ற புறுபுறுப்பு வேறு.

பள்ளிக்கூடத்தால் ஓய்வுபெற்ற பிறகு, கம்பஸில் படிப்பிக்கும் ஷிஃபானாவோடு சேர்ந்து நான் செய்துவந்த வேலை உனக்குத் தெரியும்தானே. இறால் உரித்துக் கழிக்கிற கோதைக் காஸ்டிக் சோடாவில் அவித்து, அதில் எடுக்கிற தூளை வினாகிரியில் கரைத்து, மரவள்ளி மாவும் சேர்த்துத் தட்டில் ஊற்றிக் காயவைத்தால் மெல்லிய தாளாய் உரிந்து வரும். பொலித்தீன் மாதிரிச் சுற்றலாம், மண்ணில் போட்டால் உக்கிவிடும். எத்தனையோ தரம் கிழிந்து, பூஞ்சணம் பிடித்து, கடைசியில் நல்லாய் வந்தது. பக்கத்து விடுதியில் திமிங்கலம் பார்க்கப் போகிறவர்களின் சாப்பாட்டை அதில்தான் சுற்றினார்கள். நிலாவெளி விடுதிகளும் கேட்கத் தொடங்கின.

அந்த விடுதிக் குசினியில் வேலை செய்கிற பூரணி, சாம்பல்தீவுப் பிள்ளை. சின்னனிலிருந்தே இறால் அவளுக்கு ஒத்துவராது. ஒருநாள் மிஞ்சிய பாண் பொதி ஒன்றைச் சாப்பிட்டவளுக்கு உதடு வீங்கி, மூச்சு இழுத்து, ஓட்டோவில் ஆசுப்பத்திரிக்குக் கொண்டு ஓடினார்கள். பிழைத்துவிட்டாள். நான் பார்க்கப் போனபோது, "நான் இறாலைத் தொடவே இல்லை டீச்சர். வெறும் பாணும் பட்டரும்தான். என்ர விதி" என்றாள். எங்கள் தாள் எதில் செய்தது என்று அவளுக்குத் தெரியாது. பாண் எதில் சுற்றியிருந்தது என்று கேட்க அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை.

ஷிஃபானாவிடம் சொன்னேன். "ஒருத்தருக்கு வந்ததை வெச்சு நாம ஒண்டும் சொல்ல ஏலாது டீச்சர், இவ்வளவு பாடுபட்டது வீணாப் போயிரும்" என்று கோபப்பட்டாள். அப்படியென்றால் சோதித்துப் பார் என்றேன். எழும்பிப் போனவள், சோதித்துப் பார்த்துவிட்டுத் தானே வீட்டுக்கு வந்து கதிரையில் இருந்து, "கோதில இருந்த புரதம் முழுசாப் போகல்ல. கடைசியா அவிச்சது காணாது" என்றாள். அது ஈர விறகில் அடுப்பு எரியாமல் அரைகுறையாய் அவித்த கோது. அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாதுதான், ஆனால் அதற்குமேல் எங்கள் இருவருக்கும் வாதாட மனம் இருக்கவில்லை. இரண்டு பேருமாய்ப் போய் விடுதிக்காரரிடம் சொன்னோம். மிச்சத் தாளை எல்லாம் திருப்பித் தந்து, "பொலித்தீனே பரவாயில்லை டீச்சர், அது ஒருத்தரையும் வீங்கப் பண்ணேல்ல" என்றார். நிலாவெளிக்காரருக்கும் வேண்டாம் என்று அறிவித்தாயிற்று. இனிக் கடற்பாசியில் தொடங்குவோம் என்கிறாள் ஷிஃபானா. நான் ஓம் என்றும் சொல்லவில்லை, ஏலாது என்றும் சொல்லவில்லை. களைத்துப் போனேன் மகள்.

பூரணி வீட்டுக்குப் போகத்தான் கால் வரவில்லை. ஆனாலும் போய், எல்லாவற்றையும் சொன்னேன். ஏசுவாள், ஏன் அவளின் அம்மா அடித்தாலும் அடிப்பா என்று நினைத்துத்தான் இருந்தேன். அவளோ, "அப்ப பாண் இல்லையே டீச்சர்? பட்டரும் இல்லையே? என்னத்தால வந்தது எண்டு தெரியாமல் அந்த நாளிலயிருந்து கஞ்சி மட்டும்தான் குடிக்கிறன். எதை வாயில வைக்கவும் பயம்" என்று சொல்லி அழத் தொடங்கினாள். அடுத்தநாள் அவளைக் கூட்டிக்கொண்டு டொக்டரிடம் போய், தாளையும் காட்டி, விஷயத்தை நானே சொன்னேன். மற்றச் சாப்பாட்டைப் பயப்படாமல் சாப்பிடலாம் என்று அவர் சொன்னதும், வரும் வழியிலேயே பேக்கரியில் நின்று ஒரு பணிஸ் வாங்கினாள். மழைக்குள் குடையைக்கூட விரிக்காமல், கடைசித் துண்டுவரை தின்றாள். நான் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீயும் நேரத்துக்குச் சாப்பிடு. இரத்தம் குறைந்த உடம்பு, இரும்புச்சத்துக் குளிசையை விட்டுவிடாதே, மருமகனையும் ஒருக்கால் இரத்தம் சோதிக்கச் சொல். மாதா உங்கள் இருவரையும் தன் முந்தானைக்குள் வைத்துக் காப்பாற்றட்டும்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா மாகிரட்