ஏரி வரை ஓர் ஓட்டுநர் தேர்வு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சௌக்கியம். மலைக்குப் போன மனிதர் முழுசாகத் திரும்பினாரா என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பாய். திரும்பிவிட்டேன். மூக்குத் தோல்தான் வெயிலில் உரிந்துபோயிற்று. போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே கேள்வி கேட்பாய், அதனால்தான் கடிதம்.

முதலில் உன் அம்மா போட்ட நாடகம். நான், அம்மா, நீ கட்டிக்கொள்ள நினைக்கும் பையன் என மூன்று பேரும் அவன் காரில் போவதாகத்தான் ஏற்பாடு. கார் வாசலுக்கு வந்ததும், முழங்கால் வலிக்குது, நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க என்று உட்கார்ந்துவிட்டாள். பையைத் திறந்தால் என் துணி மட்டும்தான். நான் அந்தப் பையனோடு தனியாக மாட்டிக்கொள்ள வேண்டும், திரும்பி வந்து உங்கள் கல்யாணத்துக்குச் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லிவிட வேண்டும். அம்மாவும் மகளும் போட்ட திட்டம் எனக்குத் தெரியாதா?

கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தே காலம் தள்ளியவன் பக்கத்தில் உட்கார்ந்தால் ஓட்டுகிறவன் பாடு திண்டாட்டம்தான். பயிற்சி வண்டியில் என் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அவன் காரில் ஏது? ஆனாலும் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் என் கால் வெறும் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. பையன் பார்த்தும் பார்க்காதவன்போல ஓட்டினான். சாயங்காலம் விடுதியில், கால் வலிக்குதா சார் என்று மட்டும் கேட்டான். குசும்பைப் பார்!

மறுநாள் குறுகலான ஏற்றத்தில் எதிரே பால் வண்டி ஒன்று வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி, விடாதே என்று கத்தினேன். ரூல் நம்ம பக்கம்தான் சார், ஆனா அவருக்குப் பின்னாடி வளைவு, நமக்கு நேர் ரோடு என்று சொல்லிவிட்டு, அலுங்காமல் பின்னால் போய் ஒதுங்கினான். பால்காரர் கையெடுத்துக் கும்பிடாத குறை. ரிவர்ஸ் எடுத்ததிலாவது குறை கண்டுபிடிக்கலாமென்று பார்த்தேன், அதுவும் கிடைக்கவில்லை. எரிச்சலாக வந்தது.

கார் போகும் பாதை முடிந்த இடத்திலிருந்து ஏரிக்கு நடைதான். டிக்கியிலிருந்து என் அளவுக்கு மலையேறும் பூட்ஸ் எடுத்து வைத்தான். அளவு சொன்ன புண்ணியவதி யார் என்று நான் கேட்கப்போவதில்லை. பைன் மரங்கள் முடிந்து வெறும் கல்லாக ஏறியது பாதை. இனி ஓர் அடி வைக்கமாட்டேன் என்று நான் நின்ற மேட்டுக்குக் கீழேயே ஏரி கிடந்தது. சுற்றிலும் பனி படிந்த உச்சிகள், அவை அப்படியே தண்ணீரிலும். தண்ணீர் பச்சையா நீலமா என்று எங்களுக்குள் தகராறு. பையன் வீரமாகக் காலை விட்டுவிட்டு ஐயோ என்று துள்ளினான். வயிறு வலிக்கச் சிரித்தேனம்மா. உன்னைப் பற்றிக் கேட்டால் சொல்வதற்குக் கறாரான பதில் ஒன்று தயாராக வைத்திருந்தேன். அவன் கேட்கவே இல்லை. முட்டையை உரித்து என் கையில் கொடுத்தான்.

இறங்கும்போதுதான் அது நடந்தது. கண் விழித்துப் பார்த்தால் அடிவாரத்து பெட்ரோல் பங்க். அத்தனை வளைவுகளும் முடிந்திருந்தன. நான் குறட்டை வேறு விட்டேனாம். அடுத்தவர் ஓட்டும் வண்டியில் நான் கண்ணை மூடியதே கிடையாது, உன் அம்மாவைக் கேட்டுப் பார். பெட்ரோல் போட்ட பெண்மணி, பையனா சார் என்று கேட்டார். தூக்கக் கலக்கத்தில், இல்லம்மா, எங்க மாப்பிள்ளை என்று சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை கையிலிருந்த டேங்க் மூடி நழுவி வண்டிக்கு அடியில் உருண்டது. மாமனும் மாப்பிள்ளையும் மண்டியிட்டுத் தேடினோம்.

தூக்கம் கலைந்த பிறகும் யோசித்துவிட்டேன். சொன்னது சொன்னதுதான்.

தேதியை அம்மா பார்க்கிறாள். ஒரு மாதம் முன்னதாகவே வந்துவிடு. வேலை நிறைய இருக்கும் என்று பயப்படாதே, எல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்வோம். நீ சும்மா வீட்டில் இரு, அது போதும்.

ஆசிகளுடன்,
அப்பா